புளித்த சட்டியில் உறை ஊற்றலாமா? கிரெடிட் கார்டு எப்படி இயங்குகிறது

ஓசூரில் யாரிடமாவது "நாலு வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முகம் சுருங்கும். "ஏம்ப்பா, வேற வழியே கிடைக்கலையா?" என்பார். நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய் என்றால் அது குடும்பத்தை அரித்துவிடும் வட்டி என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர் தன் கிரெடிட் கார்டு பில்லின் பின்பக்கத்தில் "மாதம் 3.5 சதவீதம்" என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பதறுவதில்லை. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் கணக்கு 4.13 ஆகிறது. நாலு வட்டிக்கும் மேல்.

கார்டே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கெட்டுப்போன சிபில் கணக்கை, அதாவது கடன் கட்டிய வரலாற்றுப் பதிவை, மறுபடி எழுப்ப நினைக்கும் தொழிலாளிக்குக் கிடைக்கிற வழிகளில் கார்டு நல்ல வழி. ஆனால் கடனை அடைக்கும் வழி அது இல்லை. கடனையும் அடைக்க வேண்டும், சிபிலையும் ஏற்ற வேண்டும் என்று இரண்டையும் ஒரே கார்டில் ஒரே சமயத்தில் செய்யப் போகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று நிரந்தரச் சம்பளம் வாங்குபவர்கள் ஒரு பக்கம். காண்ட்ராக்டில் ஷிப்டு பார்ப்பவர்கள், தினமும் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பஸ் பிடிப்பவர்கள், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே முதல் சம்பளம் வாங்கும் பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோரையும் தேடி கார்டு வருகிறது. அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் அடுப்படிக்குப் போய் வருவோம்.

தயிர் எப்படித் தோய்கிறது? பாலைக் காய்ச்சி இறக்குகிறோம். விரல் பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடுகிறோம். ஒரு கரண்டி தயிரோ, பக்கத்து வீட்டில் வாங்கிய உறை மோரோ விட்டு லேசாகக் கலக்கி மூடி வைக்கிறோம். அதன் பிறகு நமக்கு வேலை இல்லை. உறையில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் ஏற ஏறப் பாலின் புரதம் இறுகித் தயிராகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், மார்கழிக் குளிரில் இரவு ஊற்றிய உறை காலையில் பாலாகவே நிற்கும். பாத்திரத்தைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்து, நேரம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்து திறந்து ஆட்டிப் பார்த்தால் தோயாது. இன்னும் இரண்டு கரண்டி உறையை அள்ளிவிட்டால் சீக்கிரம் புளிக்குமே தவிர, நல்ல தயிர் வராது.

தோய்ந்ததை எடுத்துச் சாப்பிடாமல் வெளியே விட்டாலும் அமிலம் ஏறுவது நிற்காது. இரண்டாம் நாள் புளிப்பு, மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாது. அந்தச் சட்டியைக் கவிழ்த்துக் கழுவாமல் அதிலேயே புதுப் பாலை ஊற்றினால் புதுப் பாலும் விறுவிறுவென்று புளித்துவிடும். இதைப் பிடித்துக்கொண்டால் கிரெடிட் கார்டில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

சட்டி உங்கள் கார்டுக் கணக்கு. மாதாமாதம் நீங்கள் கார்டில் வாங்கும் மளிகை, பெட்ரோல், ரீசார்ஜ் எல்லாம் அன்றன்று ஊற்றும் பால். மாதத்தில் ஒரு நாள் பில் போடுவார்கள். அதிலிருந்து பதினெட்டு, இருபது நாள் தள்ளிக் கெடு தேதி வரும். 10-ஆம் தேதி பில், 30-ஆம் தேதி கெடு என்று வையுங்கள். 11-ஆம் தேதி வாங்கிய அரிசி மூட்டை அடுத்த மாதப் பில்லில்தான் வரும். கிட்டத்தட்ட ஐம்பது நாள் வட்டியில்லாக் கடன். 9-ஆம் தேதி வாங்கியதற்கு இருபது நாள்தான். கெடு தேதிக்குள் பில்லின் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் ஒரு பைசா வட்டி கிடையாது. சட்டி காலி. அடுத்த நாள் ஊற்றும் பால் நல்ல பாலாகவே இருக்கும்.

முழுத் தொகையைக் கட்டாமல் கொஞ்சம் மிச்சம் வைத்தால் இரண்டு விஷயம் நடக்கிறது. மிச்சம் வைத்த தொகைக்கு, பில் தேதியிலிருந்து இல்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இது பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்தது. பழைய பாக்கி முழுவதும் தீரும்வரை, புதிதாக வாங்கும் எதற்கும் அந்த வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று போட்ட பெட்ரோலுக்கு இன்றிலிருந்தே வட்டி. புளித்த சட்டியில் ஊற்றிய புதுப் பால் என்று சொன்னது இதைத்தான். பாக்கி வைத்துக்கொண்டே "ரேஷன் மட்டும் கார்டில் வாங்கிக்கிறேன்" என்று ஓட்டுகிற வீட்டில் அந்த அரிசிக்கும் பருப்புக்கும் நாலு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணமாக எடுத்தால், சட்டி சுத்தமாக இருந்தாலும் எடுத்த நிமிஷத்திலிருந்தே வட்டிதான். அதற்குத் தனியாகக் கட்டணமும் உண்டு.

பில்லில் இரண்டு தொகை அச்சாகியிருக்கும்: மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை. அந்த இரண்டாவது தொகையில்தான் ஆபத்து இருக்கிறது. 60,000 ரூபாய் பாக்கி உள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 2,100. அதற்கு ஜி.எஸ்.டி. 378. ஆக 2,478 ரூபாய். குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் பாக்கியில் ஐந்து சதவீதத்தை ஒட்டி வரும், அதாவது 3,000. நீங்கள் மூவாயிரம் கட்டுகிறீர்கள். அசலில் குறைவது 522 ரூபாய். மாதாமாதம் தவறாமல் மூவாயிரம் கட்டினால், ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால், கடன் தீர 44 மாதம். மொத்தம் கட்டியிருப்பது 1,29,000 ரூபாய்க்கு மேல். பாக்கி குறையக் குறைய அவர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறையும். அதை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அறுபதாயிரம் முப்பதாயிரமாகக் குறையவே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். புளித்த தயிரின் மேலாக ஒரு கரண்டி அள்ளிக் கொட்டிவிட்டு, சட்டியை மூடி வைப்பது போலத்தான் அது.

இந்த இடத்தில் ஓசூருக்குச் சொந்தமான ஒரு சட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அவர் அரசு கொண்டுவந்த முக்கியமான சட்டங்களில் ஒன்று 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 வரை நின்றிருந்த வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், அசலும் சேர்ந்து கடனே தீர்ந்தது என்றது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். அறுபதாயிரத்துக்கு 1,29,000. அந்தச் சட்டத்தின் அளவுகோலை வைத்தால், நாற்பதாவது மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டிய கடன் அது. இன்று கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. வட்டிக்கு வரம்பு விதிப்பது ரிசர்வ் வங்கியின் வேலை என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தெருவில் வட்டிக்கு விடுபவரைப் பிடிக்கும். வங்கிக் கார்டைத் தொடாது. இதில் என் கருத்து வெளிப்படையானது: குறைந்த சம்பளக்காரருக்குக் கொடுக்கும் கார்டுக்காவது ஒரு வட்டி வரம்பு வேண்டும். வரும்வரை, சட்டியைக் காலி செய்வது நம் பொறுப்பு.

எதைக் கொண்டு காலி செய்வது? இன்னொரு கார்டைக் கொண்டு என்று யோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். பாகலூர் ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டு பக்கமும் மட்டுமில்லை, எந்தத் தொழில் ஊரிலும் இதைச் செய்துதரும் கடை உண்டு. "அண்ணா, ஒரு முப்பது தேய்க்கணும்." "குடுப்பா. நூத்துக்கு ரெண்டரை புடிச்சுக்குவேன்." பொருள் எதுவும் கைமாறாது. கடைக்காரர் கார்டைத் தேய்த்து, கமிஷன் போக மீதியைக் கையில் கொடுப்பார். அதை எடுத்துப் போய் முதல் கார்டின் பாக்கியைக் கட்டுவார்கள். அடுத்த மாதம் இரண்டாவது கார்டுக்கு மூன்றாவது. வாங்காத பொருளுக்கு விற்பனை என்று பில் போடுவது கார்டு விதிகளுக்கு விரோதம். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும். கண்டுபிடிக்காவிட்டாலும், மாதம் இரண்டரை ரூபாய் கமிஷன் என்பதே வருஷத்துக்கு முப்பது ரூபாய் வட்டி. ஒரு சட்டியின் புளிப்பை இன்னொரு சட்டியில் மாற்றிக் கொட்டுவதால் புளிப்பு போவதில்லை.

முறையாக ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு வங்கியின் கார்டுக்கு மாற்றும் வசதியும் இருக்கிறது. சில மாதங்களுக்குக் குறைந்த வட்டி, ஒரு முறை கட்டணம். அந்தச் சில மாதத்துக்குள் முழுவதையும் கட்டி முடிக்க முடிந்தவருக்கு அது நிஜமாகவே உதவும். ஆனால் அந்த வசதியை வங்கி யாருக்குக் கொடுக்கும்? நல்ல ஸ்கோர் உள்ளவருக்கு. கணக்கு ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். அவருக்கு அதே வங்கியிடம் கேட்டுப் பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றிக்கொள்வது அடுத்த வழி. கார்டு வட்டியைவிட அது பொதுவாகக் குறைவு. மாற்றிய பிறகு அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் இருக்க வேண்டும்.

வீட்டில் நகை இருந்தால், இந்த ஒரு காரியத்துக்காக அதை அடகு வைக்கலாம் என்பேன். நகையை வைத்துக் கார்டுக் கடனை அடைப்பது மனசுக்குக் கஷ்டம்தான். கணக்கைப் பாருங்கள்: அதே 60,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத நகைக்கடனாக வாங்கி, அதே மூவாயிரத்தை மாதாமாதம் கட்டினால் 23 மாதத்தில் தீரும். வட்டியாகப் போவது ஏழாயிரத்துச் சொச்சம். கார்டில் அதே கடனுக்கு ஏறத்தாழ எழுபதாயிரம். ஊத்தங்கரை, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர் என்றால் அங்கே உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கேளுங்கள். நகைக்கடன் அங்கே உண்டு. நிரந்தரத் தொழிலாளி என்றால் ஆலையில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், சிபில் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். ஏலச்சீட்டு எடுத்து அடைப்பவர்களும் உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்த வழிகளில் பாதி அடைபட்டிருக்கிறது. தண்டல்காரரிடமும் மைக்ரோ பைனான்ஸ் குழுவிலும் அவர் போய் நிற்பதற்கு அதுதான் காரணம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டி காலியான பிறகு பார்க்க வேண்டியது, அதில் ஒட்டியிருக்கும் பழைய வாடை. அதுதான் சிபில் அறிக்கை. பெயரளவில் எல்லோரும் சிபில் என்றாலும் இந்தியாவில் கடன் வரலாற்றைத் தொகுக்கும் வேலையைச் செய்ய நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி மேற்பார்வையில் இயங்குபவை. ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை. ஆனால் ஸ்கோரைவிட அறிக்கையின் உள்ளே இருப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், 36 மாதம் வரை இருக்கும். கெடுவுக்குள் கட்டிய மாதத்தில் 000. ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் 030-ஐ ஒட்டிய எண். அப்புறம் 060, 090. லோன் கொடுக்கும் வங்கி அதிகாரி முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான். ஷிப்டு அலவன்ஸ் வராத ஒரு மாதம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவான இரண்டு மாதம் எல்லாம் அங்கே வெறும் எண்களாக நிற்கும். அவற்றை யாராலும் அழிக்க முடியாது. "ஐயாயிரம் கொடுங்க, சிபில் சரி பண்ணித் தரேன்" என்பவரை நம்ப வேண்டாம். பழைய கட்டங்கள் பின்னுக்குத் தள்ளப்பட, முன்னால் புதிய 000 வரிசையாகச் சேர வேண்டும். அதற்குக் காலம்தான் வழி.

அறிக்கையை ஒரு தடவையாவது வரி வரியாகப் படியுங்கள். நம் எல்லை ஊரில் தப்பு வர வாய்ப்பு அதிகம். ஒருவரே பான் கார்டில் முதலெழுத்து முன்னாலும், ஆதாரில் அப்பா பெயர் பின்னாலும் எழுதியிருப்பார். தெலுங்கு, கன்னடப் பெயர்களின் ஆங்கில எழுத்து வங்கிக்கு வங்கி மாறும். சம்பளக் கணக்கு பெங்களூரு கிளையில், வீடு மத்திகிரியில். வாடகை வீடும் செல் நம்பரும் மாறியதால் பில் வந்து சேராமல், எப்போதோ வாங்கி மறந்த கார்டின் ஆண்டுக் கட்டணம் பாக்கியாகி வளர்ந்து நிற்கும். நண்பன் வாங்கிய பைக்குக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில்தான் உட்கார்ந்திருக்கும், அவன் இ.எம்.ஐ. தவறினால் உங்கள் சட்டியிலும் வாடை. தவறான பதிவு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை.

வசூல் ஏஜெண்ட் போன் செய்வார். "சார், அறுபதாயிரமெல்லாம் வேண்டாம். இருபத்தஞ்சு கட்டுங்க, முடிச்சு விட்டுடறோம்." கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அறிக்கையில் "கடன் முடிந்தது" என்று வராது. "செட்டில்டு", அதாவது குறைத்துக் கொடுத்து ஒப்பந்தத்தில் முடித்தது என்று வரும். வீட்டுக்கடன் கேட்டுப் போகும் நாளில் அந்த ஒரு சொல் வழியை மறிக்கும். வேறு வழியே இல்லாதவர் செட்டில்மெண்ட் செய்யட்டும், தப்பில்லை. எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். பின்னால் கையில் காசு வரும்போது மிச்சத்தையும் கட்டி, நிலுவை இல்லாச் சான்று வாங்கி, "முடிந்தது" என்று மாற்றச் சொல்லி வங்கியைக் கேட்கலாம். ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது. உறவினர்களையும் நண்பர்களையும் கூப்பிட்டு அவமானப்படுத்தக்கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

இனி உறை ஊற்றலாம். ஸ்கோர் கெட்டுப்போனவருக்கு வங்கி சாதாரணக் கார்டு தராது. ஆனால் வைப்பு நிதியின் மேல் கார்டு கொடுக்கும். உதாரணமாக 20,000 ரூபாயை எஃப்.டி.யாகப் போடுகிறீர்கள். அந்தத் தொகையில் முக்கால் பங்கிலிருந்து முழுத் தொகை வரை, வங்கிக்கு வங்கி மாறி, கார்டின் லிமிட் கிடைக்கும். எஃப்.டி.க்கு வட்டியும் வரும். நீங்கள் கட்டாவிட்டால் வங்கி எஃப்.டி.யிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதால், சம்பளச் சீட்டைப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், இதுவரை கடனே வாங்காததால் ஸ்கோரே இல்லாதவருக்கும் இது பொருந்தும். அந்த எஃப்.டி.தான் உங்கள் கையிலிருந்து போடும் உறை. சிபிலுக்கு இது மற்றக் கார்டுகளைப் போலவே போகிறது. மாதாமாதம் ஒரு கட்டம் விழுகிறது.

இங்கேயும் கரண்டி அளவு முக்கியம். 15,000 லிமிட் என்றால் மாதம் மூவாயிரம், நாலாயிரத்துக்கு மேல் வாங்க வேண்டாம். லிமிட்டில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் ஸ்கோரில் கணக்காகிறது. முப்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது துறையில் உள்ளவர்கள் சொல்லும் அளவு. எப்படியும் செய்யும் செலவை மட்டும் அதில் செய்யுங்கள்: செல் ரீசார்ஜ், மின்கட்டணம், மாத மளிகையில் ஒரு பகுதி. அந்தப் பணத்தை அன்றே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது சிபில் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதனால் பில் வரும்வரை காத்திருக்காமல் இடையிலேயே கட்டிவிட்டால் பதிவாகும் பாக்கி இன்னும் குறைவாக இருக்கும்.

கட்டுவதை மறக்காமல் இருக்க வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட் போடச் சொல்வார்கள். போடுங்கள். ஆனால் அந்தப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: "மொத்தத் தொகை" ஒன்று, "குறைந்தபட்சத் தொகை" ஒன்று. பேனா வைக்கும் முன் நின்று பாருங்கள். இரண்டாவதில் டிக் விழுந்துவிட்டால் மாதாமாதம் நீங்கள் கட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சட்டி உள்ளே புளித்துக்கொண்டிருக்கும். கட்டங்களிலும் 000 என்றே வரும் என்பதால் வெளியே தெரியாது. ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் செல்லில் வங்கி ஆப்பைத் திறந்து எந்தக் கட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெடு தேதி தவறிவிட்டாலும் பதறாதீர்கள். மூன்று நாளைத் தாண்டினால்தான் அபராதமும் சிபிலில் தாமதப் பதிவும் என்பது 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது, கெடு 3-ஆம் தேதி என்றால், பில் தேதியை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கவும் அதே விதியில் உரிமை உண்டு.

பிறகு பாத்திரத்தை ஆட்டாமல் விட வேண்டும். ஸ்கோர் கொஞ்சம் ஏறியதும், சூப்பர் மார்க்கெட் வாசலில் மேஜை போட்டு நிற்பவரிடம் ஒரு கார்டு, செல்லில் வந்த லோன் ஆப்பில் ஒன்று என்று விண்ணப்பம் போடுவார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகிறது. குறுகிய காலத்தில் நான்கைந்து சேர்ந்தால், "இவருக்குப் பணத்துக்கு நெருக்கடி" என்று படிக்கப்படும். நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் மட்டும் ஸ்கோர் குறையாது. அந்தப் பயம் வேண்டாம். கேட்காமல் தபாலில் வந்த கார்டை ஆக்டிவேட் செய்யாதீர்கள். கேட்காத கார்டை அனுப்புவதே தடை செய்யப்பட்டது. பயன்படுத்தாத கார்டை மூடச் சொன்னால், பாக்கி இல்லாதபட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு.

எவ்வளவு நாள் ஆகும்? அதுவரை கணக்கே இல்லாதவருக்கு ஸ்கோர் உருவாக ஆறு மாதமாவது ஓட வேண்டும். கெட்டுப்போன கணக்கு என்றால் ஒரு வருஷத்தில் அசைவு தெரியும். 090 விழுந்த அறிக்கைக்கு இரண்டு, மூன்று வருஷம் ஆகலாம். குறைந்தபட்ச ஸ்கோர் என்று எந்த எண்ணையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை; கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை கேட்பவரைத் தள்ளக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. வங்கியில் "சிபில் இல்லையேப்பா" என்று திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். கார்டு பற்றியோ சிபில் பதிவு பற்றியோ வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448.

நான்கு நிறுவனங்களும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பான் எண்ணும் செல்லும் இருந்தால் போதும். வாரவிடுப்பு நாளில் அதை எடுத்து, வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.